கர்ப்பிணி மாத்திரையின் கதை

இன்று ஒரு பழைய வரலாறு.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே ஏழை ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகளைக் கடும் இரத்தசோகை வாட்டியது. கிருமியைத் தேடியவர், கடைசியில் அவர்களுடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். கீரையும் பழமும் அதில் அரிது.

1929-இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆய்வு தொடர்ந்தது. மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தாய்மார்கள் தேறினார்கள். 1931-இல் அதை உலகுக்குச் சொன்னார். அதிலிருந்த சத்துக்கு 1941-இல்தான் பெயர் கிடைத்தது: பசலைக்கீரையிலிருந்து பிரித்த ஃபோலிக் அமிலம்.

கருவிலுள்ள பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக உருவாகவும் அது வேண்டும்.

செவிலியர் கொடுக்கும் மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள், மகள்களே. அந்த மாத்திரைக்குள் இருப்பது, அன்று ஏழைத் தாய்க்கு எட்டாத கீரை. இன்றாவது எட்டுகிறதா என்று உங்கள் தெருவில் பாருங்கள்.