பெரிய விமான நிறுவனம் திவாலானால், அதை நம்பிப் பறக்கும் சின்ன நிறுவனம் என்ன செய்யும்?

உங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு பெரிய கிளையன்ட். அந்த கிளையன்ட் திவால் மனு போட்டால்? அமெரிக்காவின் பல பிராந்திய விமான நிறுவனங்களுக்கு இது 2002 டிசம்பர் 9 அன்று நிஜமானது. யுனைடெட் ஏர்லைன்ஸ் நீதிமன்றப் படியேறிய நாள் அது.

அங்கே இந்த பிசினஸ் நடக்கும் விதமே தனி. டிக்கெட் விற்பது, கட்டணம் வைப்பது, ரூட் முடிவு செய்வது எல்லாம் பெரிய நிறுவனம். விமானத்தின் மேல் இருக்கும் பெயர்கூட அதனுடையதுதான். சின்ன நிறுவனம் விமானத்தை ஓட்டிக் கொடுத்து, டிரிப்புக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும். எரிபொருள் செலவும் பெரும்பாலும் பெரியவர் தலையில். சீட் காலியாகப் போனாலும் சின்னவருக்குக் கவலையில்லை. ஆனால் அமெரிக்க திவால் சட்டத்தின் 11-ஆவது அத்தியாயப்படி, மனு போட்ட நிறுவனம் நீதிமன்ற அனுமதியோடு பழைய ஒப்பந்தங்களைக் கைவிடலாம். ‘ரேட்டைக் குறை, இல்லையென்றால் கிளம்பு’ என்று பேரம் பேச இது போதாதா?

அட்லாண்டிக் கோஸ்ட் ஏர்லைன்ஸ் கிளம்பிவிட்டது. 2004 ஜூனில் ‘இண்டிபெண்டன்ஸ் ஏர்’ என்று பெயர் மாற்றி, வாஷிங்டன் அருகே உள்ள டல்லஸ் விமான நிலையத்திலிருந்து (டெக்சாஸ் டல்லஸ் இல்லை) சொந்தமாக டிக்கெட் விற்றது. கையில் 80-க்கும் மேற்பட்ட 50 சீட் ஜெட்கள். செலவைப் பகிர 50 பேர்தான் என்பதால் ஒரு சீட்டுக்கான செலவு அதிகம். எண்ணெய் விலையும் ஏறியது. எதிரே, அதே விமான நிலையத்தில் பழைய முதலாளி யுனைடெட். 2005 நவம்பரில் திவால் மனு, 2006 ஜனவரி 5-இல் கடைசி விமானம்.

ஏர் விஸ்கான்சின் வேறு வழியில் போனது. இரண்டாவது முறையாக திவாலில் இருந்த யுஎஸ் ஏர்வேஸுக்கு 2005-இல் 12.5 கோடி டாலர் நிதி தந்து, பதிலுக்கு 70 விமானங்கள் வரை ஓட்டும் ஒப்பந்தத்தை வாங்கியது. மூழ்கும் கிளையன்ட்டுக்கே பணம் கொடுப்பதா என்று தோன்றும். அந்த செப்டம்பரில் யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்டுடன் இணைந்து பிழைத்ததால்தான் இது சாமர்த்தியம். இல்லாவிட்டால் பணமும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும்.

இந்தியாவில் இதற்குக் கிட்டத்தில் வருவது அலையன்ஸ் ஏர். நஷ்டத்தில் தவித்த ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவுக்குப் போனது. அதன் துணை நிறுவனமான அலையன்ஸ் ஏர் அரசிடமே தங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் டிக்கெட் புக்கிங், கஸ்டமர் கேர் எல்லாம் அதன் சொந்தப் பொறுப்பு.