ஆந்திராவில் ஒரு சோழன் பள்ளிப்படை: யார் இந்த முதலாம் ஆதித்தன்?

திருப்பதியிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்கு ரோட்டில் போயிருக்கீங்களா? வழியில் ஐஐடி இருக்கும் ஏர்பேடு வரும். அதைத் தாண்டி, ஸ்ரீகாளஹஸ்தி அருகே தொண்டமநாட்டில் இருக்கிறது முதலாம் ஆதித்த சோழனின் நினைவுக் கோயில்.

யார் இவர்?

தஞ்சையைப் பிடித்த விஜயாலயனின் மகன். ஆட்சிக்காலம் சுமார் 871 முதல் 907 வரை. தொடக்கத்தில் பல்லவருக்கு அடங்கிய சிற்றரசர்தான். சுமார் 880-ல் கும்பகோணம் அருகே திருப்புறம்பியத்தில், பல்லவ அபராஜிதன் பக்கம் நின்று பாண்டியன் இரண்டாம் வரகுணனோடு மோதினார். ஜெயித்தது பல்லவர்; வளர்ந்தது சோழர்.

பிறகு என்ன ஆச்சு?

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே அபராஜிதனையே வீழ்த்தினார். யானை மேல் இருந்த பல்லவ மன்னன் மீது பாய்ந்து அவனைக் கொன்றதாக, பின்னாளில் வீரராஜேந்திரன் காலத்தில் பொறித்த கன்னியாகுமரி கல்வெட்டு சொல்கிறது. தொண்டை மண்டலம் சோழர் வசமானது. காளஹஸ்தி வட்டாரமும் அதில் அடக்கம்.

பள்ளிப்படை ஏன் இங்கே?

அவர் இறந்தது இங்கேதான். கல்வெட்டுகள் அவரை 'தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்' என்கின்றன. அந்தத் தொண்டைமானாற்றூர்தான் இன்றைய தொண்டமநாடு. துஞ்சுதல் என்றால் இறத்தல். மகன் முதலாம் பராந்தகன் எழுப்பிய இந்தக் கோயிலுக்கு ஆதித்தேஸ்வரம், கோதண்டராமேஸ்வரம் என இரண்டு பெயர்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

காவிரியின் இரு கரையிலும் சிவன் கோயில்கள் கட்டியவர் என்று அன்பில் செப்பேடு புகழும் மன்னர், கடைசியில் அடங்கியது காவிரிக்கு வெகுதூரத்தில். இன்றைய மாநில எல்லைக்குள் மட்டும் சோழரைத் தேடினால், பேரரசுக்கு அடித்தளம் போட்டவரையே தவறவிட்டுவிடுவோம். அடுத்த திருப்பதி பயணத்தில் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.