பட்டயம் உண்டு, பட்டா இல்லை: கல்வராயன் மலை ஜாகீர்களும் ஓர் ஆங்கிலக் கிராமமும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்று அது கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டாகப் பகுத்துச் சொல்வது பழைய வழக்கம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் இருந்த மலைப்பகுதியை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டு வந்தார்கள்: சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன். இவை தனி மனிதர்களின் பெயர்கள் அல்ல, தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த பட்டங்கள். ஆட்சிப் பகுதிகளுக்கும் அதே பெயர்தான் நிலைத்தது. சடையக் கவுண்டன் நாடு என்றால் ஆள்பவரையும் சுட்டும், ஆளப்படும் ஊர்களையும் சுட்டும். சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, 1976இல்தான் இந்த ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தன. பிரபு போய்விட்டால் குடியானவன் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆவான் என்பது நிலச்சீர்திருத்தத்தின் அடிப்படை எதிர்பார்ப்பு. கல்வராயனில் அது பெரும்பாலும் பொய்த்தது. ஜாகீர்தார்களின் கொடுமையோ அரசின் அசட்டையோ மட்டும் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. ஜாகீர் முறை குடியானவனின் பெயரை அவன் உழுத வயலோடு சேர்த்து எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த இடைவெளியின் விளைவைத்தான் மலை இன்றும் அனுபவிக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பு கிடையாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பேசும் மொழி தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் தங்கள் தெய்வமான கரிராமனைச் சுமந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது இவர்களது வழிவழிக் கதை. 1906இல் வெளியான பிரான்சிஸின் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியும், 1909இல் வெளியான தர்ஸ்டனின் குலங்கள் பற்றிய தொகுதிகளும் இம்மரபுகளைப் பதிந்திருக்கின்றன. அவற்றில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. வந்தவர்கள் மலையில் முன்பே இருந்த வேடர்களைக் கொன்று அவர்களுடைய பெண்களை மணந்தார்களாம். அதன் நினைவாகத் திருமணத்தின்போது வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடுவார்களாம், இறந்த வேடக் கணவனுக்கு அடையாளமாக. இந்தக் கதை நடந்த வரலாறா என்று இங்கே ஆராயத் தேவையில்லை. நிலத்தின் மேலான உரிமை எப்படி வந்தது என்ற கேள்விக்கு மலை மக்கள் ஒரு சடங்கின் வழியாகப் பதில் வைத்திருந்தார்கள் என்பதே முக்கியம். ஜாகீர்தார் குடும்பங்கள் வைத்திருந்த பதில் வேறு: விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்படும் வரலாறு. ஆக, மேலே இருப்பவரின் உரிமைக்கு அரசர் பெயரில் ஒரு பட்டயம். கீழே இருப்பவரின் உரிமைக்கு ஒரு துப்பாக்கிச் சத்தம்.

கம்பெனி ஆட்சி இந்த ஏற்றத்தாழ்வைக் கலைக்காமல் உறைய வைத்தது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ உள்ளிட்ட துணைவர்களுடன் சமவெளியை வயல் வயலாக அளந்து, உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கைமாறியபோது தென்னார்க்காடும் சேர்ந்தது. இரண்டு பக்கமும் அளவைச் சங்கிலி வந்தது, ஆனால் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. இதில் வியப்பில்லை. மலைக் காய்ச்சல், வழியற்ற காடு, சாமையும் தினையும் விளையும் சரிவுகள். அளப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கிடைக்கக்கூடிய வரி அற்பம். பழைய தலைவர்களை அப்படியே விட்டுவைப்பது கம்பெனிக்கு மலிவான ஏற்பாடு. சமவெளி உழவன் பெயர் புல எண்ணோடு சேர்ந்து பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் மலை உழவன் பெயர் எந்தச் சர்க்கார் ஏட்டிலும் ஏறவில்லை. நிலத்தை அளக்காத இடத்தில் வரியை எதைக் கொண்டு விதிப்பது? ஆளைக் கொண்டும் ஏரைக் கொண்டும். சேலத்து மலைகளில் ஏர் பூட்டக்கூடிய நிலம் உழவுக்காடு, சரிவில் கையால் கொத்திப் பயிரிடுவது கொத்துக்காடு. கொத்துக்காட்டைச் சில ஆண்டு பயிரிட்டுச் சில ஆண்டு தரிசாக விடுவார்கள். இப்படி ஒரு கணக்கில் ஒருவன் எத்தனை ஏர் வைத்திருக்கிறான் என்பது தெரியும். எந்த ஏர் எந்தச் சரிவில் ஓடியது என்பது ஊராரின் நினைவில் மட்டும் இருக்கும். அன்றாட வாழ்வுக்கு அந்த நினைவு போதுமானதாகவே இருந்தது. எல்லைத் தகராறு வந்தால் ஊர்க் கவுண்டரும் மூப்பனும் இடத்தில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட முடியும்.

இதன் பக்கத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற கிராமத்தை வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு பிரபுவின் கிராமம். நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு இன்றும் ஊரின் வடக்கே கிடக்கிறது. அதன் மேலும் பக்கத்திலும் இருந்த மாளிகைகள் போய்விட்டன. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் அந்தப் பண்ணையை அளந்து ஒரு பெரிய வரைபடமும் அதற்குரிய பதிவேடும் தயாரித்தார். வரைபடம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. திறந்த வயல்களில் நீளநீளமாகக் கிடக்கும் ஒவ்வொரு பாத்தியும் யாருடையது என்று அதில் எழுதியிருக்கிறது, பிரபுவுடையதும் சாதாரணக் குடியானவனுடையதும் ஒரே தாளில். லாக்ஸ்டனில் பண்ணை நீதிமன்றமும் இன்றுவரை கூடுகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் நடுவர் குழுவினர் வயலில் இறங்கி எல்லைக் குச்சிகளைப் பார்த்து, பொதுப் புல்வரப்பில் கலப்பையை ஏற்றியவருக்கு அபராதம் எழுதுகிறார்கள். பண்ணையின் உரிமை 1952இல் வேளாண் அமைச்சகத்துக்குப் போனது, 1981இல் அரச நில நிர்வாகத்துக்கு, 2020இல் பக்கத்திலிருந்த தோர்ஸ்பி பண்ணைக்கு. மேலே கை மாறிக்கொண்டே இருந்தபோதும் கீழே யார் எந்தப் பாத்தியை உழுகிறார் என்ற ஏடு அறுபடவில்லை. லாக்ஸ்டன் ஒரு விதிவிலக்கு, ஆங்கிலேயக் கிராமங்களின் பொதுமாதிரி ஆகாது. மற்ற ஊர்களின் திறந்த வயல்கள், நிலத்தை வேலியிட்டுத் தனித்தனியாகப் பிரித்த வேலியடைப்பில் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் பண்ணை நீதிமன்ற ஏட்டில் குடியானவனின் பெயரை எழுதி, அந்தப் பதிவின் நகலையே அவனது உரிமைப் பத்திரமாக மதிக்கும் வழக்கம் நாடு முழுவதும் இருந்தது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1926 ஜனவரி 1 அன்று அந்த வகைக் குத்தகை ஒழிக்கப்பட்டபோது, ஏட்டில் பெயர் இருந்தவர் முழு உரிமையாளர் ஆனார். ஒழிப்புக்கு முந்திய ஏடுதான் ஒழிப்புக்குப் பிந்திய பட்டா.

இந்த ஒப்பீடே பிழை என்று ஒருவர் சொல்லலாம். 1066இன் நார்மானியப் படையெடுப்புக்குப் பின் வந்த ஆங்கிலப் பிரபு வெளியாள்; மொழி வேறு, குலம் வேறு. கல்வராயன் ஜாகீர்தாரோ தம் குடிகளைப் போலவே மலையாளி; அதே கரிராமனைக் கும்பிட்டவர். தாயாதி உறவில் தலைவரானவரை வெளியிலிருந்து வந்து அமர்ந்த பிரபுவோடு ஒப்பிடுவது சரியா? வேறுபாடு உண்மை. ஆனால் அது என் வாதத்தை வலுப்படுத்துகிறது. அந்நியர் ஆண்டதால்தான் இங்கிலாந்தில் எழுத வேண்டிய கட்டாயம் வந்தது. 1086இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பே வென்றவர்கள் தாங்கள் வென்றதைத் தெரிந்துகொள்ளச் செய்த வேலை. கல்வராயனில் தலைவரும் குடியும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், எழுத்துக்கு அங்கே வேலை இல்லை. அந்த நெருக்கத்தை நான் புகழவும் இல்லை: கேட்டபோது கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தவனுக்குத் தலைவர் தன் சாதிக்காரர் என்பது என்ன ஆறுதல்? சொல்ல வருவது இதுதான்: உறவின் மேல் கட்டிய உரிமை, அந்த உறவு இருக்கும் வரைதான் செல்லும். மூன்றாவது ஆளாக அரசு உள்ளே வந்ததும் அதற்கு வாய்பேச முடியாமல் போய்விடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இங்கிலாந்தின் ஏடு ஏழைகளை எங்கே காப்பாற்றியது? பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. பொது மேய்ச்சல் நிலங்கள் தனியார் கைக்குப் போயின. டார்செட்டில் மில்டன் பிரபு தம் மாளிகையின் காட்சியைக் கெடுக்கிறது என்று ஒரு சந்தை ஊரையே இடித்து, 1780 வாக்கில் மில்டன் அப்பாஸ் என்ற புது ஊரைப் பார்வைக்கு எட்டாத பள்ளத்தில் கட்டினார். இதை மறைத்துவிட்டு ஆங்கிலக் கிராமத்தைச் சொர்க்கமாக்க முடியாது. ஆனால் வேலியடைப்பில் யார் எதை இழந்தார் என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. ஏட்டில் உரிமை இருந்தவருக்குச் சிறிதோ பெரிதோ ஒரு துண்டு நிலம் ஈடாகக் கிடைத்தது. வழக்கத்தின் பேரில் மட்டும் விறகு பொறுக்கியவர், ஒரு மாட்டை மேய்த்தவர், பொது நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் ஆகியோர்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு போனார்கள். கல்வராயன் மலையாளிகளின் நிலை அந்தக் குடிசைக்காரரின் நிலைதான். ஒரு வேறுபாடு: இங்கிலாந்தில் அப்படி இருந்தவர்கள் கிராமத்தில் ஒரு பகுதி, கல்வராயனில் ஏறக்குறைய மலை முழுவதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை அரசு 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தையும், 1963இல் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. தற்செயலாக இரண்டுக்குமே அந்தந்த ஆண்டின் 26ஆம் எண். இந்தச் சட்டங்களின் கட்டமைப்பு ஒன்றுதான்: எஸ்டேட் முழுவதும் முதலில் அரசுக்குச் சேரும், பிறகு தன் அனுபோகத்தில் முறையாக இருந்த நிலத்துக்குக் குடியானவன் பட்டா பெறுவான், காடும் தரிசும் அரசிடமே நிற்கும். சமவெளி ஜமீனில் இது நன்றாகவே வேலை செய்தது, ஏனென்றால் அங்கே ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கணக்கு இருந்தது. மலையில் இதே விதி வேறு விளைவைத் தரும். தரிசாக விட்டிருந்த கொத்துக்காடு அளவைக்காரர் கண்ணுக்குக் காடாகத்தான் தெரியும். மேய்ச்சல் சரிவும் கடுக்காய் பொறுக்கும் சோலையும் யாருடைய அனுபோகத்திலும் சேராது. 1976இல் ஜாகீர்கள் கைப்பற்றப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லை. ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். ஆளை விடுவித்த கையே நிலத்தைச் சர்க்கார் கணக்கில் ஏற்றிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த 1976 என்ற ஆண்டைப் பற்றி அண்மையில் ஒரு கருத்து பரவலாகி இருக்கிறது: அதுவரை கல்வராயன் மலை இந்தியாவிலேயே சேரவில்லை என்று. கேட்பதற்கு விறுவிறுப்பாக இருக்கிறது, சட்டப்படி நிற்காது. தமிழ்ப் பகுதியில் தனி அரசாக இருந்தது புதுக்கோட்டை; அது 1948 மார்ச்சில் முறைப்படி இணைந்தது. கல்வராயன் ஜாகீர்கள் சமஸ்தானங்கள் அல்ல, மாவட்ட எல்லைக்குள் கிடந்த நில உரிமைகள். அவற்றின் விவரம் மாவட்டச் சுவடியிலேயே இருக்கிறது. 1950இல் அரசியல் சட்டம் மலைக்கும் சேர்த்தே அமலானது. ஆனாலும் இந்தக் கருத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. வரியை ஜாகீர்தாரிடம் கட்டி, வழக்கை ஊர்ப் பெரியவரிடம் தீர்த்து, பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் காணாத ஒருவனுக்கு அரசு என்பது 1976க்கு முன் எந்த உருவில் தெரிந்திருக்கும்? 1996இல்தான் முதன்முதலாக வாக்களித்தோம் என்று மலையில் சொல்லப்படும் பேச்சையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்த ஆண்டு அது. ஊரின் சொந்தப் பொறுப்புக்கு ஊரார் முதல்முறை வாக்குப் போட்ட நினைவு அதில் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டபோது, கல்வராயனின் சாராய ஊறல்கள் எல்லோர் வாயிலும் அடிபட்டன. சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், குடும்ப அட்டை என்று அங்கே எழுந்த கேள்விகள் பலவும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் முட்டுகின்றன: நிலம் வனத்துறையுடையதா, ஊருடையதா? சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும். வங்கிக் கடனுக்குப் பட்டா வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஏற்ற கருவி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். ஏட்டை மட்டும் நம்பாத அரிய சட்டம் அது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அனுபவித்து வந்ததைக் காட்டினால் போதும். வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு போன்ற அடையாளங்களோடு ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதிக்கொண்டு வந்தாலும் சாட்சியாக ஏற்க வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. தனியாள் நிலத்துக்கு அந்த அளவு சாட்சி எளிது. மேய்ச்சல், கடுக்காய், நீர்வழி ஆகியவற்றின் மேல் ஊர் முழுவதற்குமான சமூக உரிமையைக் கோரும்போதுதான் ஜாகீர் காலத்து எல்லை தேவைப்படுகிறது: எந்த ஓடை வரை எந்த ஊர், எந்தச் சரிவு யாருக்குக் கொத்துக்காடு. 1976இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. கிராமசபைகள் அந்த வாய்மொழியை எழுதி வாங்கும் வேலையைச் சமூக உரிமைக் கோரிக்கைகளிலிருந்தே தொடங்க வேண்டும். தனியாள் பட்டாக்கள் சற்றுக் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது.