எழுத்துப்பிழை திருத்த வந்தவர்கள்

பெல் லேப்ஸில் 1971 நவம்பர் 3 தேதியிட்டு வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளின் விளக்கத்தோடு அவற்றின் குறைகளைச் சொல்லவும் ‘பக்ஸ்’ என்று ஒரு பகுதி இருந்தது. தங்கள் நிரல் எங்கே இடறும் என்பதை கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தாங்களே எழுதிவைத்தார்கள். எழுதியவரும் சரிபார்த்தவரும் ஒரே கட்டடத்தில் இருந்த காலம் அது. தப்பைக் கண்டவர் நடந்துபோய்ச் சொன்னால் போதும்.

வெளியாட்களிடமிருந்து திருத்தங்கள் வரத் தொடங்கியதும் யாராவது உட்கார்ந்து அவற்றைப் படிக்க வேண்டியதாயிற்று. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் நூத், தன் நூல்களில் பிழையை முதலில் காட்டுபவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண் முறையில் ஒரு டாலர், கணினி அறிஞரின் குறும்பு. பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். ஆனால் வந்த கடிதங்களைப் பார்த்து எது பிழை, எது பிழையல்ல என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நூத்தின் தலையில்தான் இருந்தது.

லாரி வால் 1985-இல் ‘பேட்ச்’ என்ற நிரலை வெளியிட்டபின், மாறிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றாகிவிட்டது. லினக்ஸ் கெர்னலில் இதனால் ஒரு விசித்திரமான சிக்கல் முளைத்தது. பெரிய மாற்றங்களுக்கு நடுவே, விளக்கக் குறிப்பில் ஒரு சொல்லைத் திருத்தும் சின்ன பேட்ச்கள் கவனிப்பாரற்றுத் தொலைந்தன. 2000-களின் தொடக்கத்தில் கெர்னல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் அவற்றுக்கென்றே ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து, சேர்த்து மொத்தமாக மேலே அனுப்பினார். அந்தப் பொறுப்புக்கு வைத்த பெயர் ‘ட்ரிவியல் பேட்ச் மங்கி’. பெயரில் கேலி இருந்தாலும் வேலையில் இல்லை. உதாரணமாக, யூனிக்ஸில் கோப்பு உருவாக்கும் அழைப்பின் பெயர் ‘கிரியட்’. கடைசி எழுத்து விட்டுப்போன ஆங்கிலச் சொல்போலத் தோன்றும். நல்லெண்ணத்தோடு அதை யாராவது ‘திருத்தி’ அனுப்பினால், அதை மறிக்க விவரம் தெரிந்த ஒரு கண் வேண்டும்.

ஆவணத் திருத்தங்களை எப்படிக் கையாள்வது என்பதற்கு நேரெதிரான இரண்டு விடைகள் 2008-இல் வந்தன. ரூபி ஆன் ரெயில்ஸ் மென்பொருள் குழு ‘டாக்ரெயில்ஸ்’ என்ற தனிக் கிளையைத் திறந்து, யார் வேண்டுமானாலும் நேரடியாக எழுதிக்கொள்ளலாம் என்றது. நிரலைத் தொடக்கூடாது, விளக்கத்தை மட்டும் மாற்றலாம். சரிபார்ப்பு பிறகுதான்; முதன்மைக் கிளையில் சேர்க்கும் முன் மூத்தவர்கள் பார்ப்பார்கள்.

பைத்தான் மொழிக்கான ‘நம்பை’ நிரல் நூலகத்தின் கதை வேறு. அப்போது அதன் முழுமையான கையேடாக இருந்தது டிராவிஸ் ஒலிபன்ட் எழுதிய நூல். 2008-இல் இலவசமாகும்வரை அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. நிரலுக்குள்ளேயே இருந்த விளக்கங்களோ அரைகுறை. சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசப் ஹாரிங்டன், மாணவர்கள் திணறியதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அந்தக் கோடையில் ‘டாக்குமென்டேஷன் மாரத்தான்’ நடத்தினார். பாவ்லி விர்டானன் முதலியோர் உருவாக்கிய இணையத் திருத்தியில் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு நிலை இருந்தது: எழுதப்படுகிறது, ரிவியூ தேவை, இன்னும் வேலை இருக்கிறது, இறுதிப் பார்வை முடிந்தது. எழுதியவரே தன் எழுத்தைத் தேர்ச்சிபெற்றதாக அறிவிக்க முடியாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? அதே நூலகத்தில், சம இடைவெளியில் எண்களைப் பட்டியலிடும் ‘அரேஞ்ச்’ என்ற செயற்கூற்றைப் பார்த்தால் புரியும். முடிவு எண் பட்டியலில் சேராது என்பதே பொது விதி. ஆனால் 1 முதல் 1.3 வரை 0.1 இடைவெளியில் கேட்டால் 1.3-உம் வந்து நிற்கிறது; தசம எண்களைக் கணினி தோராயமாக வைத்துக்கொள்வதன் விளைவு இது. ஒருவர் ‘முடிவு எண் ஒருபோதும் வராது’ என்று அழகாகத் திருத்தி அனுப்பினால் இலக்கணம் சரி, தகவல் தப்பு. ஓட்டிப் பார்க்காமல் ரிவியூ செய்பவர் அதைச் சேர்த்தும்விடுவார்.

மாரத்தானில் 1000 சொற்கள் எழுதியவர்களுக்கு டி-ஷர்ட் உண்டு. அதற்குச் சமமாக ரிவியூ செய்தவர்களுக்கும் உண்டு. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பின்னால் வந்தவர்கள் மறந்துபோனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் வந்தபின், உலாவியிலேயே ஒரு பொத்தானை அழுத்தித் திருத்தம் அனுப்பலாம் என்றானது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற அக்டோபர் மாத நிகழ்வு 2020-இல் அந்தப் பொத்தானை நிலைகுலைய வைத்தது. நான்கு புல் ரிக்வெஸ்ட் (திருத்தக் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட், அல்லது உங்கள் பெயரில் ஒரு மரம். அக்டோபர் பிறந்ததும் ரெப்போக்களின் (நிரல் கிடங்குகளின்) ரீட்மீ அறிமுகக் கோப்புகளில் ‘அமேசிங் ப்ராஜெக்ட்’ என்று ஒட்டவைத்த திருத்தங்கள் கொட்டின. எப்படி அனுப்புவது என்று காட்டிய இந்திய யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்து, அதில் வந்த உதாரணத்தையே பிரதியெடுத்த மாணவர்களும் அனுப்பியவர்களில் இருந்தார்கள். அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. திறந்து, படித்து, மூடி, ‘ஸ்பேம்’ முத்திரை குத்துவது சம்பளமில்லாப் பராமரிப்பாளர்களின் வேலை.

மூன்றாம் நாளே விதி மாறியது. பங்கேற்க விரும்பும் ரெப்போ தானாக முன்வந்து அடையாளக்குறி போட்டுக்கொள்ள வேண்டும்; திருத்தம் நிரலில் சேர்க்கப்படவோ, பராமரிப்பாளரின் ஒப்புதல் பெறவோ வேண்டும். 2023-இல் டி-ஷர்ட்டே நின்று, டிஜிட்டல் பேட்ஜ் வந்தது.