புற்றினுள் கண்ட பொய்க் கிருமிகள்

வாவிக்கரை ஓட்டமாவடியில் ஒரு மாதின் மார்பில் தோன்றிய கட்டியிலிருந்து சிறு துணுக்கெடுத்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்து முடிவு கூறுவது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. ஆயினும் அக்கண்ணாடியின் கீழே தெரிவது யாது என்பதில் வைத்திய சாஸ்திரிகளே மயங்கி நின்ற காலமும் ஒன்றுண்டு.

லண்டன் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் பேஜெட், முலைக்காம்பைச் சுற்றிச் சிரங்குபோல் எழுந்து ஆறாதிருக்கும் புண்ணைத் தொடர்ந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள், மார்பினுள்ளே புற்று உண்டாவதைத் தாம் கண்ட சுமார் 15 பெண்களைக் கொண்டு 1874இல் எழுதினார். அத்தகைய புண்ணின் தோலை 1889இல் ஆராய்ந்த பாரிஸ் நகரத்துத் தாரியே, வெளிறிய உடலும் பெரிய கருவும் கொண்டு அயற்கலங்களோடு ஒட்டாது நின்ற விசித்திர உருவங்களைக் கண்டு, அவை ஒட்டுண்ணிகளே என்று துணிந்தார். மறு ஆண்டில் எடின்பரோவின் வில்லியம் ரஸல், புற்றுக்கட்டிகளில் பியூக்சின் சாயத்தை ஏற்றுச் செக்கச்செவேலென ஒளிர்ந்த உருண்டைகளைப் புற்றுநோயின் கிருமியென்றே அறிவித்தார். காசநோய்க் கிருமியை 1882இல் கோக் காட்டியது முதல் எவ்வியாதிக்கும் ஒரு கிருமியைத் தேடித் திரிந்த காலம் அது. ஆதலால் அவர்களை நகைப்பது நியாயமன்று.

தாரியே கண்டவை புற்றுக்கலங்களே. பேஜெட் கலங்கள் என இன்று வழங்குபவை அவைதாம். ரஸலின் உருண்டைகளோ, பிளாஸ்மாக் கலங்கள் தாம் ஆக்கிய எதிர்ப்புப் புரதத்தை வெளிவிடாது தேக்கிவைத்த திரள்கள். நாட்பட்ட அழற்சியிலும் அவை காணப்படும். பேஜெட்டின் சிறு கட்டுரை மட்டும் பழுதின்றி நிலைத்தது: ஒருபுறக் காம்பில் மாறாத சிரங்கைக் கண்டால், களிம்போடு நில்லாமல் துணுக்கெடுத்துப் பார்க்க வைத்தியர் விரும்புவது அதனாலேயே.