கீமோவுக்குப் பணியாத செல்களும், வெள்ளையாய்ப் பூத்த பெட்டூனியாவும்

பி.காம். படிக்கிறவனுக்குப் புற்றுநோய் வரலாற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். செஞ்சிக்காரனுக்கு முற்றுகைக் கதை என்றால் விடமுடியாது, அவ்வளவுதான். முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் எங்கள் கோட்டையை வளைத்தார், பிடித்தது 1698-ல். சினைப்பை புற்றுநோயை மருத்துவர்கள் வளைத்து அதைவிட அதிக காலம் ஆகிறது.

இந்த நோய் சத்தமில்லாமல் வரும். வயிறு உப்பசம், பசியின்மை... நம் வீட்டுப் பெண்கள் "கேஸ்" என்று இஞ்சிச்சாறு குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பலருக்குத் தெரியவரும்போது வயிறு முழுக்கப் பரவியிருக்கும். அப்புறம் மருந்துதான் கதி.

முதல் பெரிய மருந்து தற்செயலாகக் கிடைத்தது. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியா இருந்த கரைசலில் மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியா பிரியாமல் நூல் மாதிரி நீண்டது. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்! அதுதான் சிஸ்பிளாட்டின். 1978-ல் அங்கே அனுமதி கிடைத்தது. விரைப்பை புற்றுநோயில் பலரை முழுதாகக் குணமாக்கியது. சினைப்பையில் அப்படி இல்லை. முதலில் கட்டி சுருங்கும், முற்றிய நிலையில் இருந்த பெரும்பாலோருக்குத் திரும்ப வரும். சிகிச்சை முடிந்து 6 மாதத்துக்குள் வந்தால் "பிளாட்டினத்துக்கு எதிர்ப்பு" என்று கணக்கில் எழுதுவார்கள்.

அடுத்து டாக்ஸால். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து இதைப் பிரித்து, 1971-ல் அமைப்பை வெளியிட்டவர்களில் ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி (நம்ம ஆள் என்று ஒரு சின்ன பெருமை!). 1992-ல் சினைப்பை புற்றுநோய்க்கு அனுமதி. செல்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தன. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கும் ஒரு பம்ப் புரதத்தை ஜூலியானோ, லிங் இருவரும் 1976-லேயே கண்டிருந்தார்கள். அதைச் செய்யும் ஜீனின் பெயர் எம்.டி.ஆர்.1.

ஜீனையே வாயடைக்க முடியுமா? இங்கேதான் பூ வருகிறது. 1990-ல் பெட்டூனியாவுக்கு ஊதா நிறம் கூட்ட ஒரு ஜீனை அதிகமாகச் சேர்த்தார்கள். சில பூக்கள் வெள்ளையாகப் பூத்தன! ஏன் என்பதற்கான விடை 1998-ல் ஒரு புழுவில் கிடைத்தது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. உள்ளே போனால், அதே எழுத்து வரிசை கொண்ட ஜீனின் செய்தியைச் செல்லே வெட்டிப்போடுகிறது. ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல். நடுவே 2001-ல் டஷ்ல் குழு மனித செல்லிலும் செய்துகாட்டியது.

உடனே ஆய்வகங்கள் எம்.டி.ஆர்.1 மேல் பாய்ந்தன. பம்ப்பை அடைத்ததும் டாக்ஸால் மறுபடி வேலை செய்தது, கண்ணாடித் தட்டில். 2005-ல் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் எஃபா2 என்ற இன்னொரு ஜீனைக் குறிவைத்தார்கள். ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புக் குமிழியில் வைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். டாக்ஸாலும் சேர்ந்தபோது சினைப்பைக் கட்டிகள் நன்றாகச் சுருங்கின.

அப்புறம் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை? செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலை. ஒன்று போனாலும் மற்ற இரண்டு நிற்கும். இந்தச் செல்லும் அப்படித்தான். டாக்ஸாலுக்கு பம்ப் வைத்திருக்கும், சிஸ்பிளாட்டினுக்கு உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டவைக்கும், சாகும் கட்டளையையே மதிக்காமலும் இருக்கும். தவிர, வெறும் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். இந்த வகையில் முதல் மருந்தான பட்டிசிரான் 2018-ல் அனுமதி பெற்றது, ஆனால் அது கல்லீரலுக்குப் போய் வேலை செய்வது, ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கானது. கல்லீரல் இந்தக் குமிழிகளைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். வயிற்றறை முழுக்கச் சிதறிக்கிடக்கும் சினைப்பைக் கட்டிகள் அப்படி இழுப்பதில்லை. அங்கே போய்ச்சேரும் வண்டியைத்தான் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.