அட்டைப்பெட்டியிலிருந்து கோஹா வரை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே. தொண்ணூறுகளின் கடைசியில் எங்க காலேஜ் லைப்ரரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. உள்ளூர்க்காரர் ஒருத்தர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர். ஒரு வருஷம் உட்கார்ந்து புத்தக விவரம் பூராவும் தட்டி ஏத்தினாங்க. அப்புறம் அவர் கடையைக் கட்டிட்டுப் போயிட்டார். மெஷின் படுத்ததும், காப்பி எடுத்து வெச்ச ஃப்ளாப்பியை வேற எந்த சாஃப்ட்வேரும் படிக்கல. மறுபடி முதல்லேர்ந்து தட்டினாங்க. "அக்சஷன் ரிஜிஸ்டரைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாம வெச்சிருந்தேன், அதான் பிழைச்சோம்"னார் லைப்ரரியன் சார்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இதுக்கான மருந்து முப்பது வருஷம் முன்னாடியே அமெரிக்காவில் வந்தாச்சு. அறுபதுகளில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் அவ்ராம் என்ற புரோகிராமர் உருவாக்கிய 'மார்க்' வடிவம்தான் அது. அந்தம்மா லைப்ரரி படிப்பு படிச்சவங்களே இல்லை! விஷயம் எளிமையானது. கேட்லாக் கார்டில் இருக்கிற ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண். 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். எந்த ஊர் மெஷினும் படிச்சுக்கலாம்.

இதன் பலனை முதலில் அனுபவிச்சது கல்லூரி நூலகங்கள்தான். ஓஹையோ மாநிலத்தில் 54 கல்லூரிகள் சேர்ந்து 1967-ல் ஓசிஎல்சி அமைப்பைத் தொடங்கின. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் ஆன்லைனில் கேட்லாக் செய்ய ஆரம்பிச்சது. முதல் நாள் கணக்கு 133 புத்தகம். ஒரு கல்லூரி ஏத்தின விவரத்தை மத்தவங்க அப்படியே எடுத்துக்கலாம். அதே ஓசிஎல்சி கார்டும் அச்சடிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தது. கடைசிக் கார்டு அச்சானது 2015 அக்டோபரில். அட்டை அவ்வளவு சீக்கிரம் சாகல, பாருங்க :-)

நம்ம பக்கம் வருவோம். யுனெஸ்கோ 1985-ல் சிடிஎஸ்/ஐசிஸ் சாஃப்ட்வேரைச் சின்னக் கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி இலவசமாகக் கொடுத்தது. இந்தியாவில் நிறைய நூலகங்கள் அதில்தான் கைப்பழகின. யுஜிசி 1991-ல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட், 2000-ல் பல்கலைக்கழகங்களுக்காக 'சோல்' கொண்டுவந்தது. 2009-ல் வந்த இரண்டாம் பதிப்பு மார்க் 21-ஐ ஏத்துக்கிட்டது.

அதே 2000-ல் நியூசிலாந்தில் இன்னொரு கதை. ஹொரோஃபெனுவா பொது நூலகத்தின் பழைய சாஃப்ட்வேர் 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினையில் படுத்துடும்னு தெரிஞ்சது. கட்டிப்போ என்ற சின்னக் கம்பெனியை வெச்சுப் புதுசா எழுதி, மூல நிரலோடு ஊருக்கே கொடுத்துட்டாங்க. பேர் 'கோஹா'. மவோரி மொழியில் அன்பளிப்புன்னு அர்த்தம். பொது நூலகத்துக்குப் பிறந்த குழந்தை, இன்னிக்கு நம்ம ஊர்க் கல்லூரிகளிலும் ஓடுது.

இலவசம்னா எல்லாம் சரியாயிடுமா? ஆகாது. சர்வரைப் பார்த்துக்க ஆள் வேணும். காசு கொடுத்து கிளவுடுக்குப் போனாலும் நிம்மதிக்கு உத்தரவாதமில்லை. 'அல்மா' விற்கும் எக்ஸ் லிப்ரிஸ் கம்பெனியையே 2015-ல் புரோக்வெஸ்ட் வாங்கியது, 2021-ல் புரோக்வெஸ்டை கிளாரிவேட் வாங்கியது. முதலாளி மாறிக்கிட்டேதான் இருப்பார்.

ஆக, என் கட்சி இதுதான்: சாஃப்ட்வேர் வாடகை வீடு, கேட்லாக் நம்ம சாமான். காலி பண்ணும்போது தூக்கிக்கிட்டுப் போக முடியணும். உங்க கல்லூரி நூலகர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எல்லாப் பதிவையும் மார்க் வடிவத்தில் வெளியே எடுத்துப் பார்த்திருக்கீங்களா?" என்ன சொன்னார்னு பின்னூட்டத்தில் எழுதுங்க.

அதுவரைக்கும் ரிஜிஸ்டரைப் பழைய பேப்பருக்குப் போட்டுடாதீங்க!